கைராசியைத் திருப்பிக் கொடுத்த நாள்

பிள்ளைகளே, இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பெரியவள் வாசித்தால் போதும். சின்னவனுக்கு என் கையெழுத்து விளங்காது.

போன கிழமை நீங்கள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒரு பிள்ளை கேட்டதாம், “ஒங்க சித்தப்பாதான் கைராசியத் திருடிக்கிட்டுப் போனவராமே?” என்று. வாளியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்து என்னிடம் கேட்டீர்கள். எனக்கு பெக்டரிக்கு இறங்குகிற நேரம். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். ஒன்றுமில்லாத சங்கதி இல்லை அது. வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

உங்களுக்கு அவர் சித்தப்பா. ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் ரொபோ செய்யப் படிப்பிக்கிற பேராசிரியர். எனக்குத் தம்பி. அவர், இவர் என்று எழுதினால் யாரோ ஓர் ஆளைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. அவன் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக எடுக்காதீர்கள்.

எனக்கும் அவனுக்கும் ஏழு வயது வித்தியாசம். இதே லயத்தில், இந்த வரிசை வீடுகளில்தான் பிறந்தோம். அப்போது பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகிற பாதையில் பஸ் குறைவு. இறங்கி மேலே ஏறி வர வேண்டும். ஒரே அறையாக ஒரு காம்பிரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அவ்வளவுதான் வீடு. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போவார். அப்பாவுக்கு பெக்டரியில் வேலை. வருஷத்துக்கு ஒரு தரம் பெக்டரியில் ரோதைமுனிக்குப் பூசை வைப்பார்கள். மெஷினைச் சுற்றுகிற பெரிய ரோதைச் சக்கரத்துக்குள் ஒரு முனி இருக்கிறார் என்பது நம் ஆட்களுடைய நம்பிக்கை. சந்தனம் பூசி, எலுமிச்சை வெட்டி, தேங்காய் உடைப்பார்கள். தம்பிக்கு ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும், அப்பாவின் தோளில் இருந்தபடி கேட்டான்.

“சாமி ரோதைக்கு உள்ள இருக்கா, வெளிய இருக்கா?”

“கைய உள்ள விட்டவனக் கேளு, சொல்லுவான்” என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அந்த ரோதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கப்பிள்ளை வீட்டுப் பக்கம் உடைந்த குடைகளை வீசுவார்கள். அந்தக் கம்பிகளைப் பொறுக்கி வந்து, துண்டு துண்டாக முறித்து, தையல் நூல் கோத்து ஒரு கை செய்தான். நூலை இழுத்தால் ஐந்து விரலும் மடங்கும், விட்டால் விரியும். கம்பளிக்குள் அதை ஒளித்து வைத்துக்கொண்டு பீலிக்கரையில் நிற்பான். தண்ணீர் பிடிக்க வருகிற பெட்டைகளின் சடையைப் பின்னாலிருந்து அந்தக் கை பிடித்து இழுக்கும். பக்கத்துக் காம்பிரா அத்தை வாசலிலிருந்து ஏசுவார், “ஏண்டா, சாமி குடுத்த ரெண்டு கையும் பண்ற அட்டூழியம் பத்தலையா ஒனக்கு, மூணாவதா ஒண்ணு வேணுமா?” என்று. அந்த அத்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த அத்தை இல்லை, சுவர் ஒன்று நடுவில் என்பதால் அத்தை. எங்கள் அம்மாவோடு ஒரே கொந்தரப்பில், ஒரே கூட்டத்தில் கொழுந்தெடுத்தவர்.

அப்பா நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்றார், தோட்டத்து லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்பா நின்ற இடத்தில் நான் பெக்டரியில் நின்றேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்குப் படிப்பு அப்படி ஒன்றும் ஓடவும் இல்லை. தம்பிக்கு ஓடியது. தோட்டத்துப் பள்ளிக்கூடம், பிறகு பண்டாரவளை, உயர்தரத்துக்கு பதுளை. தமிழில் கணிதப் பிரிவு படிக்க இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்போது அவ்வளவு வழி இல்லை. பதுளையில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் வீட்டில் தங்கிப் படித்தான். அம்மாவும் நானும் ஒரு தரம் பார்க்கப் போனோம். ஆசிரியர் எங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“உவனைத் திருப்பித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிடாதேங்கோ அம்மா” என்றார் அவர். “கணக்கு உவனுக்குத் தானாய் வருது. நான் படிப்பிக்கிறதில்லை, பார்த்துக்கொண்டு இருக்கிறன்.”

அம்மா சரிங்க ஐயா, சரிங்க ஐயா என்று தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போது ஊவா மலையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர், நடுவழியில் என்னிடம் கேட்டார், “பெரியவனே, திருப்பிக் கூட்டிப் போகாதன்னு சொன்னாரே, அது படிப்பு முடியிற வரைக்குந்தானே?” ஆமாம் என்றேன்.

பொறியியலுக்கு எடுபட்டான். எஞ்சினியர் என்றால் பெக்டரி எஞ்சின் பார்க்கிறவரா என்று அம்மா கேட்டார். அதுவுந்தாம்மா என்றான் அவன். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. படித்து முடித்தால் நம் பெக்டரிக்கே வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டார்.

அது சண்டைக் காலம். விடுமுறைக்கு வரும் வழியில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டித்தான் வர வேண்டும். அப்படி வந்த ஒரு நாள், பண்டாரவளை பஸ் நிலையத்தில் ஒரு சிங்களப் பையனைப் பார்த்தானாம். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தவன். இரண்டு மணிக்கட்டுக்கும் கீழே ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும், காசு சட்டைப் பையில் இருக்கிறது. யாரிடமும் கேட்கவும் வெட்கம். தம்பிதான் அந்தப் பைக்குள் கைவிட்டுக் காசை எடுத்துக் கொண்டக்டரிடம் கொடுத்தான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான், சாப்பிடவில்லை. “அண்ணே, அவன் எனக்கு நன்றி சொல்லல. மொகத்தத் திருப்பிக்கிட்டான்” என்றான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவன் எதற்காகக் கை செய்யப் போனான் என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். கொழுந்து கிள்ளுகிற மெஷின் செய்ய அவன் போகவில்லை.

ஜப்பானுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்துப் போனது தொண்ணூறுகளின் கடைசியில். அங்கே டொக்டர் பட்டம் எடுத்தான். பிறகு அங்கேயே படிப்பிக்க வைத்துக்கொண்டார்கள். பெரகலை சந்தியில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் இறங்குவோம், அவன் அங்கிருந்து போன் எடுப்பான். முதல் முதல் தன் மெஷினை ஓட விட்ட அன்று அதற்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தானாம். ஜப்பான் பிள்ளைகள் அது என்ன பாகம், எந்த வயரோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டார்களாம். அம்மா கடையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. போனை வைக்கும் முன் மறக்காமல் ஒன்று கேட்பார். “எப்ப தம்பி வந்துருவ?” அடுத்த வருஷம் என்பான்.

வந்தான். யுத்த நிறுத்தம் இருந்த காலத்தில் ஒரு ஆனி மாதம். பெரியவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. சின்னவன் பிறக்கவில்லை.

கறுப்புப் பெட்டி ஒன்று கொண்டு வந்திருந்தான். திறந்தால் உள்ளே கையுறை. விரல் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கம்பி ஓடியது. எல்லாக் கம்பியும் மணிக்கட்டில் ஒரு தீப்பெட்டி அளவு பெட்டியில் போய் முடிந்தது. அதிலிருந்து ஒரு வயர் மடிக் கம்பியூட்டருக்கு. அதை மாட்டிக்கொண்டு விரலை அசைத்தால், கை எந்தப் பக்கம் போகிறது, ஒவ்வொரு விரலும் எப்போது, எவ்வளவு மடங்குகிறது என்று கம்பியூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். கை இல்லாதவர்களுக்கு ஒரு கை செய்கிறான், அந்தக் கை வெறும் கொறடு மாதிரி இல்லாமல் மென்மையாகவும் வேகமாகவும் அசைய வேண்டும். அப்படி அசைகிற கையை உலகத்தில் எங்கே தேடுவது என்று அவனுடைய ஆட்கள் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் அம்மாவின் கை அப்படி அசையும் என்று இவன் சொன்னானாம்.

தோட்டத்துத் துரையிடம் அனுமதி கேட்டு மலைக்குப் போனோம். நான் அன்று லீவு போட்டிருந்தேன். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “பொண்ணு பாக்க வருவாருன்னு பாத்தா தம்பி கெழவிங்க கையப் பாக்க வந்திருக்காரு” என்றார் அத்தை. இன்னொருத்தர், தன் கையைப் பிடிக்க வீட்டுக்காரருக்கே பயம், தம்பிக்குத் துணிச்சல்தான் என்றார். தேயிலைச் சாயம் கறுத்த, வெடித்த விரல்கள். முதலில் அம்மா மாட்டினார். பிறகு அத்தை. பிறகு ஒவ்வொருவராக அந்தக் கொந்தரப்பில் இருந்த பெரியவர்கள் எல்லாரும்.

காலையில் முதல் கொழுந்து கிள்ளும் முன் கங்காணி விளைச்சல் பெருகட்டும் என்று பொலியோ பொலி சொல்வார். பெண்கள் செடியைத் தொட்டு கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். கையுறை மாட்டிய கைகளும் அப்படியே செடியைத் தொட்டு கண்ணுக்குப் போயின. தம்பி தடுக்கவில்லை. பிறகு ஜப்பானில் அந்தப் பதிவைக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்த பிள்ளைகள், எல்லாக் கையும் ஏன் முதலில் முகத்துக்குப் போகிறது, கருவியில் பழுதா என்று கேட்டார்களாம். பழுது இல்லை, எங்கள் ஊரில் வேலை இப்படித்தான் தொடங்கும் என்று சொன்னதாக போனில் சொன்னான்.

அவன் திரும்பிப் போன கிழமையே கச்சான் பிடித்தது, மேற்கிலிருந்து அடிக்கிற காய்ந்த காற்று.

ஆடியில் கச்சான் அடிப்பது இந்தப் பக்கம் புதிது இல்லை. ஆனால் அந்த வருஷம் கடுமை. மேட்டு மலைகளில் துளிர் வரவே இல்லை, வந்ததும் கருகியது. கொழுந்து குறைந்தது. குறைந்தால் கங்காணி அரைப்பேர் போடுவார், நாள் முழுக்க நின்றாலும் பாதிச் சம்பளம். அரைப்பேர் வாங்கியே பழக்கம் இல்லாதவர்கள் அந்த மாதம் அரைப்பேர் வாங்கினார்கள். அத்தையும் அதில் ஒருவர். யார் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார்களோ எனக்குத் தெரியாது. நான் கேள்விப்பட்டபோது லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தக் கையுறை கைராசியை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது என்றார்கள்.

ஒரு பின்னேரம் அத்தை இஸ்தோப்புக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

“மதினி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. கச்சான் வருசா வருசம் வருது. எந்த வருசம் எனக்கு அரைப்பேர் விழுந்துச்சு? அந்தக் கையுறைய மாட்டுன அத்தன பேருக்கும் கொறஞ்சிருக்கு. மாட்டாத சின்னப் பொண்ணுகளுக்குக் கொறையல.”

அந்தச் சின்னப் பெண்கள் எடுத்தது ஆற்றோரத்து மலை, அங்கே காற்று விழாது என்று நான் சொன்னேன். அத்தை என் பக்கம் திரும்பவில்லை.

“எனக்குந்தான் கொறஞ்சிருக்கு” என்றார் அம்மா.

“நீங்க ஒங்க மகனுக்குக் குடுத்தீங்க. நாங்க யாருக்குக் குடுத்தோம்?”

அம்மா எழுந்து உள்ளே போனார். பிள்ளைகளே, அத்தை கேட்டதற்கு எனக்கு இன்று வரை பதில் தெரியாது.

அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் மட்டும் ஆள் ஏறவில்லை. தேத்தண்ணி நேரத்தில் வெற்றிலைப் பை அம்மா இருக்கிற பக்கம் வரவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரியது சாக்கு. கொழுந்து நிறைந்த சாக்கைத் தூக்கித் தலையில் வைக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், தனியாக ஏற்ற முடியாது. அம்மாவுக்குக் கை கொடுக்க ஆள் வரவில்லை. அம்மா கொழுந்தை இரண்டு சாக்காகப் பிரித்து, ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மலையேறித் திரும்பி வந்து மற்றதை எடுத்துக்கொண்டு போவார். நிறுக்கிற இடத்துக்குக் கடைசியாக வந்து சேருவார். கங்காணியிடம் கேட்டேன். “நான் என்னத்தப்பா செய்ய, பொம்பளைங்க சங்கதி” என்றார். நான் பெக்டரியிலிருந்து ஓடிப் போய் இரண்டு நாள் தூக்கிவிட்டேன். மூன்றாம் நாள் அம்மாவே வர வேண்டாம் என்றார். மகன் வந்து தூக்கிவிட்டால் அது இன்னும் கேவலமாம்.

தம்பிக்குச் சொல்லக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாம் நல்லா இருக்கு, நீ சாப்பிட்டியா என்பார். அவன் அந்தப் பக்கம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போவான், கை அசைகிறது, நடுவிரல்தான் கொஞ்சம் பிந்துகிறது, அடுத்த மாதம் பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் எல்லாம் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று. இதை வைத்துத்தான் அவனுக்கு அங்கே பேராசிரியர் பதவி வர வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு அம்மா போனை வாங்கி, நலம் ஒன்றும் விசாரிக்காமல், “தம்பி, அவளுகளோட கைராசியத் திருப்பிக் குடுத்துரு” என்றார்.

போனை என் காதுக்கும் கொஞ்சம் திருப்பியிருந்தார், அதனால் அவன் சிரித்தது எனக்கும் கேட்டது. பிறகு நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னான்.

“அம்மா, அது ராசி இல்லம்மா. வெரல் மடங்குறத நம்பரா எழுதி வச்சிருக்கு, அவ்வளவுதான். அவங்க கை அவங்ககிட்டத்தான் இருக்கு.”

“தெரியும் தம்பி. நீ பொய் சொல்றவன் இல்ல. ஆனா என் சாக்கத் தூக்கிவிட ஆள் இல்லையே.”

கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை அண்ணனிடம் குடுங்க என்றான் அவன். எத்தனை நாளாக இப்படி என்று என்னிடம் கேட்டான். நீ போனதிலிருந்து என்றேன்.

தீபாவளிக்கு முந்திய கிழமை வந்து நின்றான். யாரும் வரச் சொல்லவில்லை. கையில் அந்தக் கறுப்புப் பெட்டியும், ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொன்றாக சீடித் தட்டுகளும். பெண்கள் பெயரை அவற்றின் மேல் தமிழில் எழுதியிருந்தான். அம்மா அவனை உள்ளே கூட்டிப்போய், “ஒண்ணும் மிச்சம் வச்சுக்கலையே?” என்று கேட்டார்.

“இல்லம்மா. அங்க இருந்ததெல்லாம் அழிச்சாச்சு. ஒங்க கையும் இதுலதான் இருக்கு.”

மிச்சம் வைத்திருந்தால் இங்கே யாருக்குத் தெரியும்? லயத்தில் கம்பியூட்டரைக் கண்டவரே அவனையன்றி ஆள் இல்லை. ஆனால் அம்மா கேட்டார், அவன் இல்லை என்றான், இல்லைதான்.

மாரியம்மன் கோயிலில் எல்லாரும் கூடினார்கள். பூசாரி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் ஒரு சீடியை வைத்துக் கொடுக்க, தம்பி ஒவ்வொரு பெண்ணிடமும் தட்டை நீட்டினான். ஜப்பானில் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற ஆள், வேட்டி கட்டிக்கொண்டு, குனிந்து நீட்டினான். “இந்தாங்க, ஒங்க கை ஒங்ககிட்ட” என்று மட்டும் சொன்னான். அத்தை முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கினார். ஒருவர் வாங்கும்போது அழுதார். அம்மாவும் வரிசையில் நின்று தன்னுடையதை வாங்கிக்கொண்டார். கையுறையைக் கோயிலுக்குப் பின்னால் எரித்தார்கள். ரப்பர் வாடை வெகுநேரம் இருந்தது.

அவர்கள் பேரில் கோபப்படாதீர்கள். அந்தக் கை ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. அது சும்மா நம்பர்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் இன்றைக்கும் ரோதையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

கடைசியாகப் பூசாரி தோஷம் போகக் கழிப்புக் கழித்தார். பூசணிக்காயைத் தம்பியின் தலையைச் சுற்றி வெட்டி, குங்குமத்தைக் கொட்டி, நாலு திசைக்கும் வீசினார். கழிப்புக் கழித்த ஆள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அது முறை. “அப்படியே எறங்கிப் போங்க தம்பி, திரும்பாதீங்க” என்றார். அன்று இரவு வீட்டில் தங்கி, காலையில் போவதாக இருந்தான். அம்மா அவனுக்காக மாவு இடித்து வைத்திருந்தார். அதைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை, நினைவு வந்தவர்களும் வாய் திறக்கவில்லை. நான் வீட்டுக்கு ஓடிப்போய் அவனுடைய பையை எடுத்து வந்தேன். இருவரும் ரோட்டுக்கு இறங்கினோம்.

பாதி தூரத்தில் கேட்டான். “அண்ணே, அம்மா நிக்கிறாங்களா?”

எனக்குத் தடை இல்லையே. திரும்பிப் பார்த்தேன். “நிக்கிறாங்க.”

“கையக் காட்டுறாங்களா?”

“இல்ல. சும்மா நிக்கிறாங்க.”

வளைவு வரும் வரை அவன் தலையைத் திருப்பவில்லை. வளைவு தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தான். அங்கிருந்து கோயில் தெரியாது, தேயிலைதான் தெரியும். பெரகலையில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் சொன்னான். பார்க்க வரவிருந்தவர்களிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். வேறு கைகளைத் தேடிப் போக வேண்டும், இரண்டு மூன்று வருஷம் பிந்தும் என்றான். பதவி என்னாகும் என்று கேட்டேன். அது இன்னொருத்தருக்குப் போகும், அவரும் கெட்டிக்காரர்தான் என்றான். பஸ் வந்தது. ஏறினான்.

அடுத்த கிழமை மழை விழுந்தது. ஐப்பசியில் மழை விழும்தானே. துளிர் தள்ளியது, கொழுந்து ஏறியது, அரைப்பேர் நின்றது. பார்த்தீர்களா என்றார்கள். அத்தை அம்மாவின் சாக்கைத் தூக்கிவிட்டார். வெற்றிலைப் பை திரும்பி வந்தது. சீடித் தட்டுகளைக் கொஞ்ச நாள் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தவர்கள், பிறகு மரக்கறித் தோட்டத்தில் குருவி விரட்ட நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். வெயிலில் லயத்துக்குப் பின்னால் அம்மாமார்களின் கையெல்லாம் மின்னிக்கொண்டு சுற்றும்.

தம்பி வேறு நாட்டில் பாய் பின்னுகிறவர்களின் கையை எடுத்து, அதை வைத்துச் செய்து முடித்தான். பிந்தியென்றாலும் பேராசிரியர் ஆனான். அவன் செய்த கையால் ஒரு மனிதர் தன் மகளுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிடுகிற படம் அனுப்பியிருந்தான். இப்படியாக உங்கள் சித்தப்பாவின் படிப்பும் உத்தியோகமும் நன்றாகவே வந்தது. அம்மாவிடம்தான் அவன் வரவில்லை. கோபம் இல்லை. ஞாயிறுதோறும் போன் பண்ணினான். ஒரு வருஷம் மாணவர்களுக்குப் பரீட்சை, ஒரு வருஷம் கல்யாணம், அதற்கடுத்த வருஷம் பிள்ளை, பிறகு நாட்டில் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது. எல்லாம் மெய்யான காரணம். எப்ப தம்பி வந்துருவ என்று அம்மா கேட்பதை நிறுத்தியிருந்தார். ஒரே ஒரு தரம், பெரகலையிலிருந்து ஏறி வரும்போது, “கழிச்சு அனுப்புன புள்ள எப்படி வரும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் கேட்காதது போல நடந்தேன்.

அம்மா போனது உங்களுக்கு நினைவிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே மூன்று நாள் கிடந்தார். தோட்டத்தில் மறுநாளே அடக்கம் பண்ணிவிட வேண்டும், அவனுக்கு விமானம் கிடைத்து வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அன்று மலைக்கு ஒருவரும் போகவில்லை. அந்தக் கொந்தரப்புப் பெண்கள் எல்லாரும்தான் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். தம்பி வந்து இஸ்தோப்பில் ஏறியதும் அத்தை அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“கடைசித் தண்ணிய நாந்தான் தம்பி ஊத்துனேன். ஒங்க பேரச் சொல்லித்தான் ஊத்துனேன்.”

அவன் அத்தையின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஆகவே பீலிக்கரையில் இனி யாரும் கேட்டால், திருடவில்லை, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம். சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

கருமாதி முடிந்து புறப்படும்போது தம்பி லயத்துக்குப் பின்பக்கம் கொஞ்ச நேரம் நின்றான். அங்கே நாலு மூலைக்கும் நாலு மரக்கால் நட்டிருந்தது. அவன் ஜப்பானுக்குப் போன புதிதில், வந்தால் தங்க ஒரு அறை கட்ட வேண்டும் என்று அம்மா என்னை நச்சரித்து நடச் செய்தது. தகரம் வாங்குகிற அளவுக்கு அது வளரவே இல்லை. கோழிகள் படுக்கும். அம்மா இருக்கும்வரை அந்த இடத்தில் ஒரு கீரைகூடப் போட விடவில்லை.

“அண்ணே, இதுல நீங்க ஏதாச்சும் போட்டுக்கங்க” என்றான்.

சரி என்றேன். அவன் போய் ஒரு மாதம் போல அந்தப் பக்கம் நான் போகவில்லை. பிறகு நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள் காலையில், உங்கள் அம்மாவும் மலைக்குப் போயிருந்தாள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நாலு காலையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். மூன்று உளுத்திருந்தது, ஒன்று நல்ல காலாக இருந்தது. மண்ணைக் கொத்தி, சாணம் கலந்து, போஞ்சி விதை ஊன்றினேன். அந்த ஒரு நல்ல காலை நடுவில் நட்டு, கொடி ஏறுவதற்குக் கயிறு இழுத்துக் கட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு பெக்டரிக்கு இறங்கினேன்.